தலைப்பெழுத்தும் தமிழ்க் குழந்தையும்

எழுத்து என்பது ஒலிக்கு இடப்பட்ட வடிவம் என்பர் இலக்கணம் கற்றோர். அவ்வடிவத்திற்கென்று தனியே ஒரு குணமும் உண்டு என்பதைக் கடைப்பலகை எழுதுவோரும் திருமண அழைப்பிதழ் அச்சிடுவோரும் நன்கறிவர். பட்டாசுக் கடையின் பலகையில் பொருந்தும் எழுத்து மருத்துவமனை வாயிலில் பொருந்தாது. நீத்தார் நினைவு அறிக்கைக்குரிய எழுத்தில் மணமக்கள் பெயரை அச்சிட்டால் எந்தத் தந்தையும் அவ்வழைப்பை ஏற்கமாட்டார். ஆயினும் கவிதையையும் புதினத்தையும் நாடகத்தையும் ஆராய்ந்து நூல்கள் பல எழுதிய நாம், எழுத்தின் உருவத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாக மிகுதியும் கருதியதில்லை.

நம் குழந்தைகள் நாள்தோறும் காணும் தொலைக்காட்சிக் கார்ட்டூன் படங்களின் தலைப்பெழுத்தை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். சங்க மலருக்கு இது சிறிய பொருள் எனச் சிலர் எண்ணக்கூடும். சென்னையில் வாழ்வோர்க்கு அது சிறிய பொருளாகவே இருக்கலாம். அங்கே பேருந்தின் நெற்றியிலும் பால் உறையிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. மும்பையில் வளரும் தமிழ்க் குழந்தைக்கோ, வீட்டில் காதால் கேட்கும் மொழி ஒன்று. வெளியே கண்ணால் காணும் எழுத்து வேறு. இந்த இடைவெளியில்தான் தலைப்பெழுத்து பெரும்பொருள் ஆகிறது.

தலைப்பு என்னும் முகம்

கார்ட்டூன் படத்தின் தலைப்பு வெறும் பெயர்ப்பலகை அன்று. அது அப்படத்தின் முதற் பாத்திரம். 1989 திசம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' தொடரைக் காண்க. மேகங்கள் நிறைந்த நீலவானில் மஞ்சள் எழுத்துகள் தோன்றுகின்றன. அவை அச்சுக்கூடத்து எழுத்துகள்போல் ஒழுங்குடன் நிற்பவை அல்ல. ஓவியர் மேட் குரோனிங் தம் கைப்போக்கில் எழுதியவைபோல் சற்றே கோணி நிற்பவை. கதையில் வரும் குடும்பமும் அவ்வாறே சற்றுக் கோணலானது. அதன் நிறமும் மஞ்சள். குடும்பத்தார் ஒருவரையும் காணுமுன்னரே அவர்களுடைய இயல்பை எழுத்து உணர்த்திவிடுகிறது.

சப்பானியரின் 'டோரேமான்' இன்னொரு வகை. சப்பான் மொழியில் ஒலியெழுத்து இருவகைப்படும். ஒன்று கூரிய கோடுகளால் ஆனது. மற்றொன்று வளைந்து குழைவது. அந்த இயந்திரப் பூனையின் பெயரில் முற்பகுதியை ஒருவகை எழுத்தாலும் பிற்பகுதியை மற்றொரு வகை எழுத்தாலும் எழுதுவது அவர்தம் வழக்கம். ஒரே பெயருக்குள் இருவகை எழுத்து நிற்பது அந்நாட்டுக் குழந்தைக்கு ஒரு சிறு வேடிக்கை. அதே பெயர் உரோமன் எழுத்துக்கு மாறும்போது ஒலி ஏறத்தாழ வந்து சேர்கிறது. வேடிக்கை வந்து சேர்வதில்லை.

நமக்கும் இவ்வகை மரபு இல்லாமற் போகவில்லை. 1947-இல் தோன்றிய அம்புலிமாமாவும், சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸும் தமிழ்ச் சிறுவர்களின் கைகளில் தவழ்ந்தவை. அக்கால இதழ்களில் கதைத் தலைப்புகளை ஓவியர்களே தூரிகையால் எழுதினர். பேய்க்கதையின் தலைப்பு நடுங்கும். வீரக்கதையின் தலைப்பு விறைத்து நிற்கும். அவ்வெழுத்துகளைக் கண்டு மகிழ்ந்த சிறுவர் பலர், பள்ளிப் பாடத்தைவிட அவற்றின் வழியேதான் விரைந்து படிக்கக் கற்றனர். தொலைக்காட்சி வந்தபோது இம்மரபு அதனுடன் சேர்ந்து பயணம் செய்யவில்லை என்பதே நம் முறையீடு.

பருத்தவனும் மெலிந்தவனும்

பொதுவாகப் பேசிக்கொண்டிராமல் ஒரு படத்தை எடுத்து ஆராய்வோம். 2012 அக்டோபரில் நிக்கலோடியன் வாயிலாக ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மோட்டு பத்லு' தமிழ்க் குரலிலும் வருவது. தாராவிச் சந்துகளிலும் செம்பூர் அடுக்ககங்களிலும் குழந்தைகள் அறிந்தது. 'லோட்போட்' என்னும் இந்திச் சிறுவர் இதழில் பிறந்த பாத்திரங்களைக் கொண்டு, மும்பையைச் சேர்ந்த காஸ்மாஸ்-மாயா நிறுவனம் இதனை உருவாக்கியது. 'மோட்டு' எனின் பருத்தவன். 'பத்லு' எனின் மெலிந்தவன். ஆகவே இத்தலைப்பில் பெயரே உருவத்தைக் கூறுகிறது. எழுத்தும் உருவத்தைக் காட்டினால் பெயரும் வடிவும் ஒன்றாகிவிடும். தலைப்பெழுத்தாளனுக்கு இதனினும் நல்ல வாய்ப்பு எளிதில் அமையாது.

இப்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்ப்போம். 'மோட்டு' என்பதில் மகரத்தின் இடப்புறம் ஒரு கொம்பு, வலப்புறம் ஒரு கால். இருபுறமும் ஏவலர் நிற்க நடுவே அமர்ந்த பண்ணையார்போல் அவ்வெழுத்து வீற்றிருக்கிறது. அதன்பின் டகரம் இருமுறை வருகிறது. 'பத்லு' என்பதிலோ மூன்றே எழுத்துகள். ஏவலர் எவரும் இலர். எந்தக் கலைஞனும் கைவைப்பதற்கு முன்னரே பருத்தவன் பெயர் அகன்றும் மெலிந்தவன் பெயர் சுருங்கியும் நிற்கின்றன. உரோமன் எழுத்திலோ 'மோட்டு' நான்கு எழுத்து, 'பத்லு' ஐந்து எழுத்து. மெலிந்தவன் பெயரே நீண்டு நிற்கிறது! அங்கே கலைஞன் முயன்று உண்டாக்க வேண்டிய வேறுபாட்டைத் தமிழ் எழுத்து இயல்பாகவே தந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தியில் 'மோட்டு' என்பதன் டகரமும் 'பத்லு' என்பதன் தகரமும் வேறுவேறு ஒலிகள். நாகரி எழுத்து அவற்றை வேறுபடுத்துகிறது. தமிழ் எழுத்தும் வேறுபடுத்துகிறது. உரோமன் எழுத்தோ இரண்டுக்கும் ஒரே குறியை இடுகிறது. அதனைப் படித்தே தமிழர் பலர் 'பட்லு' என எழுதக் காண்கிறோம். 'மோட்டு' என்ற பெயரைத் திருத்தமாகக் காட்டும் தமிழ் எழுத்து கையில் இருக்கவும், அடுத்த பெயரை வேற்றெழுத்தின் வழியே பிழைபடக் கற்கிறோம். வல்லின மகாப்பிராண ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை என்பது உண்மையே. ஆயினும் குறையைப் பற்றிப் பேசுவோர் இத்தகைய நிறைவையும் பேசுதல் நேர்மை.

ஒரு படம், பல குரல்

இவ்வளவு பொருத்தம் இருந்தும் தமிழ்க் குரலில் வரும் படங்கள் உரோமன் தலைப்புடன் வருவது ஏன்? இதற்குக் காரணம் பகைமை அன்று; சிக்கனம். நாடு முழுவதற்குமான சிறுவர் அலைவரிசைகள் ஒரே படத்தை ஒளிபரப்பி, அதனுடன் இந்தி, தமிழ், தெலுங்கு எனப் பல குரல்தடங்களை அனுப்புகின்றன. வேண்டிய குரலை வீட்டிலுள்ள பெட்டி தேர்ந்துகொள்கிறது. குரல் பலவாகலாம், படம் ஒன்றே. படத்தின்மேல் எழுதப்படும் தலைப்பும் ஒன்றே ஆதல் வேண்டும். அனைவர்க்கும் பொது எனக் கருதி உரோமன் எழுத்தை வைத்துவிடுகின்றனர். ஐதராபாத்தில் உருவாகி 2008-இல் போகோ அலைவரிசையில் தொடங்கிய 'சோட்டா பீம்' முதலியவற்றின் நிலையும் இதுவே. இதிகாசப் பெயர் கொண்ட அந்தச் சிறுவன் பல இந்திய மொழிகள் பேசுகிறான். ஆனால் தன் பெயரை அம்மொழிகளில் எழுத அறியாதவனாக இருக்கிறான்.

தமிழுக்கெனவே தனிப் படம் அனுப்பும் அலைவரிசையின் இயல்பு வேறு. 2007 ஏப்ரலில் தொடங்கிய சுட்டி டிவியில் அமெரிக்கப் படமொன்று 'டோராவின் பயணங்கள்' எனத் தமிழ்ப் பெயர் பூண்டது. வேற்றுமை உருபு ஏற்ற அளவிலேயே அப்பெண்பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டாள். பெயர் தமிழானால் எழுத்தும் தமிழாவதற்கு வாயில் திறக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

சிக்கனத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சிக்கனத்துக்குள்ளேயே வழி உண்டு. நம் உரூபாய்த் தாளின் பின்புறத்தில் பதினைந்து மொழிகளில் தொகை எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. நாடு முழுவதற்கும் ஒரே தாள். அதில் பல எழுத்து. ஒரே தாளில் இயல்வது ஒரே திரையில் இயலாதா? சில நொடி நேரத் தலைப்பில் ஒரே பெயர் உரோமனிலிருந்து நாகரிக்கும், நாகரியிலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து தெலுங்குக்கும் உருமாறி ஓடுமாயின், அதுவே கண்ணுக்கு விருந்தான ஒரு சித்திரமாகும். கல்லை நாயாக்கும் கலை கற்றோர்க்கு ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக்குவது அரிய செயல் அன்று.

கருவிக்குக் குறைவில்லை

'குழந்தைகளுக்கேற்ற தமிழ் எழுத்துரு எங்கே உள்ளது?' என்று வினவுவோர் முன்னாளில் இருந்தனர். அவ்வினாவுக்கு அன்று ஓரளவு பொருள் இருந்தது. இன்று இல்லை.

தமிழ் எழுத்து, தான் ஏறிய ஒவ்வோர் ஊர்திக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டே வந்துள்ளது. ஓலையில் எழுதியோர் புள்ளியிட்டால் ஓலை பொத்துவிடும் என அஞ்சிப் புள்ளியை விடுத்தனர். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வேறுபடுத்தும் கொம்பினை வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்தார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோது எழுத்து உலோகத்தில் ஏறியது. 1978 அக்டோபரில் தமிழ்நாட்டரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கு முன்னர் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் துதிக்கை தூக்கிய வடிவில் எழுதப்பட்டன. 'யானை' என்னும் சொல்லின் இறுதி எழுத்தே துதிக்கையுடன் நின்றது! சீர்திருத்தம் தட்டச்சுக்கும் அச்சுக்கும் நன்மை செய்தது. ஆயினும் யானையைப் பற்றிய ஒரு கார்ட்டூன் படத்தின் தலைப்பில் அப்பழைய துதிக்கையை ஓர் ஓவியன் ஓவியமாகவே மீட்டுக் கொணர்ந்தால் குழந்தைகள் கைதட்டாமல் இரார்.

திரைக்குரிய எழுத்து இப்போது மும்பையிலேயே உருவாகியிருக்கிறது. இந்நகரைச் சேர்ந்த 'ஏக் டைப்' என்னும் எழுத்துரு வரைவோர் குழு 2016-இல் 'பாலூ' என்னும் எழுத்துருக் குடும்பத்தை வெளியிட்டது. பாலூ என்றால் கரடி. எழுத்தும் தடித்து, உருண்டு, செல்லமாகக் குலுங்குவது. பல மொழிகளுக்குரிய எழுத்துகளுக்கு அவ்வம்மொழியின் உறவுப்பெயரைச் சூட்டியிருக்கின்றனர். குசராத்திக்குப் 'பாலூ பாய்', மலையாளத்துக்குப் 'பாலூ சேட்டன்', தெலுங்குக்குப் 'பாலூ தம்முடு', தமிழுக்குப் 'பாலூ தம்பி'. எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். கிப்ளிங்கின் 'காட்டு நூ'லில் ஓநாய்க் குட்டிகளுக்குப் பாடம் சொல்லும் ஆசான் கரடிக்கும் பாலூ என்பதே பெயர். அந்நூலாசிரியர் 1865-இல் பிறந்ததும் இந்நகரத்து ஜே. ஜே. கலைப்பள்ளி வளாகத்திலேயே.

'பாலூ தம்பி'யைத் திறனாய்வாளன் கண்ணுடன் நோக்கினால் நிறையும் உண்டு, எல்லையும் உண்டு. தடித்த எழுத்து தமிழில் எளிதன்று. உரோமன் எழுத்தில் ஓரெழுத்துக்கு இரண்டு மூன்று கோடுகளே உண்டு. நம் ணகரமும் ஞகரமும் பல சுழியும் வளைவும் கொண்டவை. கோட்டைத் தடிப்பாக்கினால் உள்ளிருக்கும் வெண்மை அடைபட்டு எழுத்து மைத்துளி ஆகிவிடும். ஆகவே உட்கோடுகளைச் சிறிது மெலிவித்து, எழுத்தைச் சிறிது அகலமாக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும். இத்தொல்லையை ஏற்று இவ்வெழுத்துருவை வரைந்தது பாராட்டுக்குரியது. இதன் பிற்பதிப்பு பல தடிமன்களில் கிடைப்பதால் பருத்தவனையும் மெலிந்தவனையும் ஒரே குடும்பத்திலிருந்தே எழுதலாம். ஆயினும் எழுத்துரு என்பது தைத்து வைத்த சட்டை. அளவெடுத்துத் தைத்தது அன்று. 'மோட்டு' என்பதில் வரும் இரண்டு டகரமும் அதில் ஒரே அச்சாகத்தான் நிற்கும். கையால் எழுதும் ஓவியனோ ஒன்றை மற்றொன்றின்மேல் சாயவைப்பான். ஆகவே நாள்முறைப் பணிக்கு எழுத்துருவும், தலைப்புக்குக் கையெழுத்தும் தகும் என்பது நம் கருத்து.

அசையும் எழுத்தின் இலக்கணம்

தமிழ்த் தலைப்பு வந்துவிட்டால் மட்டும் போதாது. அது தமிழின் முறையறிந்து வருதல் வேண்டும். கார்ட்டூன் தலைப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குதித்து வந்து நிற்பது வழக்கம். உரோமன் எழுத்துக்கு அது பொருந்தும். அங்கே ஒவ்வொரு குறியும் தனியெழுத்து. தமிழிலோ 'மோ' என்பது ஓரெழுத்து. கொம்பு முதலில் குதித்து, மகரம் பின்னர் உருண்டு, கால் இறுதியில் நடந்து வருமாயின், மூன்று துண்டுகளைக் காணும் குழந்தை ஓரெழுத்தைக் காண்பதில்லை. மாத்திரைக் கணக்கில் ஒன்றாக ஒலிப்பது திரையிலும் ஒன்றாகவே அசைதல் வேண்டும். இதனை முதல் விதியாகக் கொள்ளலாம்.

இரண்டாவது, கணிப்பொறியின் குறை. கணிப்பொறி தன் நினைவில் மெய்யை முன்னும் கொம்பைப் பின்னும் வைத்திருக்கிறது. காட்டும்போது இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் கடமை. தமிழறியாத மென்பொருள் அதனைச் செய்யத் தவறினால் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நின்றுவிடும். இத்தகைய பிழைகளைப் பதாகைகளிலும் அறிவிப்புகளிலும் நாம் கண்டிருக்கிறோம். படித்தவர் நகைத்துவிட்டுச் செல்வர். இப்போதுதான் கற்கும் குழந்தை அதனையே சரியென மனத்தில் பதித்துக்கொள்ளும்.

மூன்றாவது, புள்ளி. விண்மீனாகவும் பூவாகவும் பந்தாகவும் புள்ளியை ஆக்க ஓவியர் விரும்புவர். ஆக்கட்டும்; அழகே. ஆனால் பந்து துள்ளி ஓடிவிட்டால் மெய் உயிர்மெய் ஆகிவிடும் என்பதை நினைவிற் கொள்ளட்டும். பந்து ஓடிச் சென்று தன் இடத்துக்கே திரும்பி வருமானால் அதனினும் சிறந்த இலக்கணப் பாடம் வேறில்லை. மெய்யின் இயல்பு புள்ளியொடு நிலைபெறுவது எனத் தொல்காப்பியர் வகுத்ததை ஐந்து வயதுக் குழந்தை விளையாட்டாகவே உணர்ந்துகொள்ளும்.

மும்பைத் தமிழர்க்கு உரியது

'எழுத்தைப் பள்ளி கற்பிக்கட்டும், கார்ட்டூன் எதற்கு?' என ஒரு தடை எழலாம். தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. ஆயினும் மாதுங்காவிலும் செம்பூரிலும், தாராவியிலுங்கூட, ஆங்கிலவழியில் பயிலும் தமிழ்க் குழந்தைகள் மிகப் பலர். அவர்களுக்குப் பள்ளியில் நாகரியும் உரோமனும் கிடைக்கின்றன, தமிழ் கிடைப்பதில்லை. மைய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்போன்றோர் வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் என்னும் வரிசையில் பெயர்ப்பலகை எழுதுவதை நாளும் காண்கிறோம். அது முறையே, மராட்டிய மண்ணில் மராட்டிக்கு முதலிடம் தருவதில் நமக்கு மகிழ்ச்சியே. நாம் கேட்பது பலகையில் இடம் அன்று. நம் வீட்டுக் கூடத்தில், நம் மொழி பேசும் படத்தில், நம் எழுத்துக்கு ஓரிடம்.

வேறெந்தப் பாடநூலுக்கும் இல்லாத ஓர் ஆற்றல் தலைப்புக்கு உண்டு. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பகுதிக்கும் முன்னர், அதே பெயர் பாட்டில் ஒலிக்கும் வேளையில் அதே எழுத்து கண்முன் நிற்கிறது. ஒலியும் வடிவும் ஒருங்கே, திரும்பத் திரும்ப, மகிழ்ச்சியோடு வருகின்றன. எழுத்தறிவித்தலுக்கு ஆசிரியர்கள் விரும்பும் முறை இதுவன்றோ? திருநெல்வேலியிலிருந்து பாட்டி அனுப்பும் திருமண அழைப்பிதழைத் தந்தை படித்துச் சொல்லக் கேட்கும் பிள்ளை, அவ்வழைப்பில் 'மோ'வையும் 'டு'வையும் தானே கண்டு கூறுமானால், அத்தலைப்பு வரைந்த ஓவியன் ஓர் ஆசிரியன் ஆகிறான்.

இதற்குரியோர் தொலைவில் இல்லை. திரைப்படப் பிரிவின் கார்ட்டூன் பிரிவு 1957-இல் ஆலமரத்து மான் கதையைப் படமாக்கியது இந்நகரில். இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரு குடும்பமாகக் கண்டு, 'மங்கள்' என்னும் நாகரி எழுத்துருவை வரைந்த ஆர். கே. ஜோஷி கற்பித்தது போவாய் ஐ.ஐ.டி.யில். பருத்தவனையும் மெலிந்தவனையும் ஓடவிட்டோரும், தம்பி என்னும் பெயரில் நமக்கு எழுத்து வரைந்தோரும் இந்நகரத்தாரே. ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடத்தும் நம் சங்கங்கள், இனிமேல் ஒரு தலைப்பெழுத்துப் போட்டியும் நடத்தலாம். குழந்தைகள் தாம் விரும்பும் கார்ட்டூன் படத்தின் பெயரைத் தமிழில் வரையட்டும். அவற்றுள் சிறந்தவற்றைத் தொகுத்து அலைவரிசையினர்க்கு ஒரு விண்ணப்பத்துடன் அனுப்புவோம். நூறு குழந்தைகளின் கையெழுத்தில் 'மோட்டு பத்லு' என்னும் பெயர் மேசையின்மேல் வந்து குவியுமானால், தமிழ் எழுத்துக்குத் திரையில் இடமில்லை என்று கூற எவர்க்கும் மனம் வாராது.